முன்பணமும் ரசீதும்
(கட்கியில் நுகர்வோரிடையே ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)



1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது முதல் உழைப்பாளர் ஊராக விளங்கும் கட்கியில், மழைக்காலம் நெருங்கும்போது இல்லந்தோறும் எழும் கவலை கூரையைப் பற்றியதே. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், கூரையைச் செப்பனிட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு ரூ. 40,000 முன்பணம் தருகிறார் எனக் கொள்வோம். பாதி வேலையுடன் ஆள் மறைகிறார். முதல் மழையிலேயே சுவர் நனைகிறது. பல மாதச் சேமிப்பு போயிற்று. வழக்காடும் செலவு மீதியையும் விழுங்கிவிடும் என்றஞ்சி அவர் வாளாவிருப்பாராயின், நட்டம் அவரோடு நிற்பதில்லை. ஏமாற்றுபவர் குறைந்த விலை கூறி, நேர்மையான ஒப்பந்தக்காரரையும் சந்தையிலிருந்து தள்ளிவிடுகிறார்.

சிறு தொகைக்கெனத் தனி நீதிமன்றம் வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களுக்கு 1882-இலும், பிற ஊர்களுக்கு 1887-இலும் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நுகர்வோர் என்ற முறையில் மக்கள் ஒன்றுசேர்ந்தது பின்னரே. அதில் புணேக்குத் தனிச் சிறப்பு உண்டு: பிந்துமாதவ் ஜோஷி 1974-இல் கிராஹக் பஞ்சாயத்தைத் தொடங்கியது இந்நகரில்தான். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

மாவட்ட ஆணையத்தில் ரூ. 5 இலட்சம் வரை கொடுத்த பணத்தைப் பற்றிய முறையீட்டிற்குக் கட்டணம் இல்லை. வழக்குரைஞரும் கட்டாயமில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

ஆயினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வேலையை மொத்தமாக ஒப்படைத்தால் அது சேவை. சட்டம் துணை நிற்கும். வீட்டுக்காரரே நாட்கூலிக்கு ஆள் அமர்த்தித் தம் மேற்பார்வையில் வேலை வாங்கினால், அது சேவகம். முறையீடு நிலைப்பது அரிது. மருத்துவர்களைப் பற்றிய 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியது. நாட்கூலிக்கு வந்தவரை ஆணையத்திற்கு இழுப்பது நியாயமும் ஆகாது.

இனி, ரசீது. ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நம் மக்களோ, தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் கையில் பணத்தைத் தந்துவிட்டுப் பிறகு சாட்சி தேடுகின்றனர். வங்கி வழியே செலுத்திய பணத்திற்குப் பதிவாவது மிஞ்சும். ஈரம் காய்ந்துவிடும் என்பதால், ஒழுகும் சுவரை அன்றே தேதியுடன் படமெடுத்தல் நலம்.

எதிர்த்தரப்பிற்கு அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்திலும், பொருளைச் சோதிக்க நேரின் ஐந்து மாதத்திலும் தீர்க்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இக்கெடு பலமுறை கடந்து போவதை மறைப்பதற்கில்லை. ஆணை கிடைத்த பின்னும் பணம் தானே வாராது. நிறைவேற்றக் கோரி மீண்டும் மனுச்செய்ய வேண்டும். ஆணையை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, ரூ. 25,000 முதல் ஒரு இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இத்தனைக்கும் முதற்படி, ஒப்பந்தக்காரரின் முகவரி. கைபேசி எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருபவருக்கு, ஆணையத்தின் அறிவிப்பை எந்தக் கதவில் கொண்டுசேர்ப்பது என்பதே முதல் இடராகிவிடுகிறது.