ஆற்றங்கரை மரமும் ஆப்பிரிக்க யானையும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஜினாலயச் சுவர்களில் லேசியை மர ஓவியத்தை நம்மில் பலரும் கண்டிருப்போம். பசித்த அறுவர் ஒரு நாவல் மரத்தை அடைகின்றனர். ஒருவன் அதனை வேரோடு வெட்ட எண்ணுகிறான். கடைசி மனிதனோ தானே உதிர்ந்த கனி போதும் என்கிறான். அண்மையில் ஆப்பிரிக்க யானைகளைப் பற்றிப் படித்தபோது, அவ்வறுவரும் ஓருடலுக்குள் குடியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

ஜிம்பாப்வே நாட்டில், சாம்பேசி ஆற்றின் கரையில், மானா பூல்ஸ் என்னும் வனம் உள்ளது. அங்குள்ள அனா மரம் விந்தையானது. மழைக்காலத்தில் இலையுதிர்த்து, வறண்ட காலத்தில் தழைத்து நிற்பது. புல் கருகிய நாள்களில் அதன் நெற்றுகள் உதிர, யானைகள் பொறுக்கி உண்கின்றன. செரியாத விதைகள் இலத்தியோடு வெளிப்பட்டு வேறிடத்தில் முளைக்கின்றன. அதே யானைதான் தந்தத்தால் மரப்பட்டையையும் உரிக்கிறது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையின் உட்புறத்தில் உள்ளது. சுற்றிலும் உரிந்துவிட்டால் வேர் பட்டினியால் மடியும்.

போட்சுவானாவின் சோபே ஆற்றங்கரையில் நெடிய வேல மரங்கள் இவ்வாறு திரளாகப் பட்டுப்போயின. பழி யானைமேல் விழுந்தது. ஆய்வாளர்கள் வரலாற்றைப் புரட்டியபோது வேறொன்று புலப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் தந்த வேட்டையாடிகள் யானைகளை ஏறக்குறைய அழித்திருந்தனர். 1890களில் வெக்கை நோய் வந்து இம்பாலா மான் போன்றவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. கடிப்பாரற்ற அவ்விடைக்காலத்தில் கன்றுகள் மரங்களாயின. நாம் இழந்ததாக வருந்தும் அச்சோலையே ஒரு பெருங்கொலையின் நிழலில் வளர்ந்தது! யானைகள் மீண்டபின் முதுமரங்கள் சாய்ந்தன. இளங்கன்றுகளை இம்பாலா மேய்ந்தது. அவ்விடத்தைப் புதர்கள் பிடித்தன.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில், தாவரங்களைக் காப்பதற்கென்றே, 1967 முதல் 1994 வரை 14,000க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றனர். ஓரறிவுயிரைக் காக்க, ஐம்பொறியும் மனமும் உடைய உயிரைக் கொல்லலாமா? பசிக்கு உண்ணும் யானையின் செயல் வேறு. எண்ணிக்கை வகுத்துத் துப்பாக்கி ஏந்துவது வேறு. பின்னதனை நம் ஆசாரியர்கள் சங்கல்ப இம்சை என்பர். இல்லறத்தாருக்கும் அது விலக்கு. “அப்படியானால் மரத்தின் உயிர் மலிவானதா, தாத்தா?” என்று என் பேத்தி கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. மலிவன்று என்பதனால்தானே பச்சை மரத்தை வெட்டவும் நாம் கூசுகிறோம்!

கொலை நின்றபின் குரூகரில் வேறு வழி கண்டனர். வறட்சிக்கென முன்பு தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள், ஆண்டு முழுதும் யானைகள் எங்கும் தங்க இடமளித்திருந்தன. அவற்றுள் பலவற்றை மூடினர். நீரற்ற பகுதியின் மரங்களுக்கு வறண்ட மாதங்களில் ஓய்வு கிடைக்கும் என்பது எண்ணம். ஆற்றங்கரை மரங்களுக்கோ அவ்வோய்வு இல்லை; வறண்ட காலத்தில் யானைக்கூட்டம் ஆற்றைவிட்டு நெடுந்தொலைவு அகல இயலாது.