பட்டறை வெளிச்சம்

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஆனி, ஆடியில் புளியறையில் பட்டப்பகலிலேயே பொழுது சாய்ந்தாற்போல இருட்டும். கார் ஷெட்டின் ஓரத்தில் மேசை போட்டுத் தச்சுவேலை பார்ப்பவர்கள், கூரை நடுவில் பெரிய பல்பு ஒன்று போதும் என்கிறார்கள். போதாது. பல்பு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் குனிந்ததும் நம் நிழலே வேலைமேல் விழுகிறது. வாட்டைக் கூட்டினாலும் அது போகாது. மேசையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, நீளவாக்கில் இரண்டு எல்இடி டியூப் மாட்டினால் நிழல் கரைந்துவிடும். சுவருக்கு வெள்ளையடித்தால் வெளிச்சம் இன்னும் பரவும்.

கரண்ட் பில் ஏறாதா என்பார்கள். 20 வாட் டியூப் நான்கு போட்டாலும் 80 வாட்தான். பன்னிரண்டரை மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். விலை மலிவு என்று மட்டும் வாங்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரமில்லாத விளக்கு அதில் நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பில், சுழலும் ரம்பம் நிற்பதுபோலவோ மெல்லச் சுற்றுவதுபோலவோ தோன்றலாம். விரல் போகிற ஆபத்து அது! ஆகவே துடிப்பில்லாத டிரைவர் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) உள்ளதா என்று கடையில் கேளுங்கள். சாரல் ஈரத்துக்கு ஐபி 65 மூடிய ஃபிட்டிங் வேண்டும். எர்த் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.