டீசலில் மிஞ்சுவதே கூலி



சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதம் போவதும், சாத்தூரிலிருந்து தீப்பெட்டிப் பண்டல் வருவதும், விருதுநகருக்கு வத்தல் மூட்டை சேருவதும் பழைய பிக்கப்பையும் குட்டி யானையையும் நம்பித்தான். அவற்றை ஓட்டுகிறவர்கள் யார்? மில் வேலை போனவர்கள், காட்டு வேலைக்குப் போய்க் கட்டுப்படியாகாதவர்கள். கடன்பட்டு வண்டி எடுத்த இவர்களை ஊரார் 'முதலாளி' என்கிறார்கள். ஆனால் டீசலும் தவணையும் போக மிஞ்சுவதுதானே இவர்களது கூலி?

2014 அக்டோபரில் டீசல் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. 2020 மே மாதம், கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த வேளையிலே, லிட்டருக்கு 13 ரூபாய் வரியை ஏற்றியது. 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. வரியைக் குறைக்கும்படி கேட்போம்; அது நமது உரிமை. அதுவரை, நம் கைக்காசு புகையாகப் போவதையாவது நிறுத்துவோம்.

கணக்குப் பாருங்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 10 லிட்டர் வேண்டும். பன்னிரண்டரை கொடுத்தால் 8 லிட்டர் போதும். மாதம் 25 நாளில் 50 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 4,500 ரூபாய்!

எப்படி மிச்சம் பிடிப்பது? முதலில் அளந்து பாருங்கள். டாங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டில் எழுதுங்கள்.

டயர் காற்றை வாரம் ஒரு முறை, சூடேறுமுன் பாருங்கள். நமது கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். அடைத்தால் கரும்புகை வரும். சுத்தம் செய்தும் புகை நிற்காவிட்டால் நாசிலைச் சோதியுங்கள். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாய்க் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்துக் கிடக்கலாம். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாய்ப் போங்கள். சரக்கு ஏற்றும்போது என்ஜினை அணையுங்கள்; தீப்பெட்டிக் கிட்டங்கி அருகில் அது உயிருக்கும் காவல்.

இரண்டு செயல் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருட்டாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் போய்விடும், மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்புக்கு வழவழப்புத் தருவது டீசல்தான். மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு பம்பு கேட்கும்.

தோழர்களே, இவையெல்லாம் ஒருவரே செய்யக்கூடியவை. தனியாக முடியாதவையும் உண்டு. "இன்னும் பத்து மூட்டை ஏற்று" என்கிறார் வியாபாரி. லாபம் அவருக்கு, கூடுதல் டீசல், டயர் தேய்மானம், அபராதம் நமக்கு. ஒருவர் மறுத்தால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார். ஸ்டாண்டில் உள்ள அனைவரும் மறுத்தால்?

மதுரைக்குச் சரக்கோடு போய்க் காலியாகத் திரும்பும் வண்டிக்கு எத்தனை மைலேஜ் கிடைத்து என்ன பயன்? எந்த வண்டி எங்கே போகிறது என்று ஸ்டாண்டில் ஒரு பொது நோட்டில் எழுதுவோம். ஒருவருக்குக் கிடைக்கும் திரும்பு சரக்கை மற்றவருக்குச் சொல்வோம். காற்றளக்கும் கருவி ஒன்றைச் சேர்ந்து வாங்குவோம். நோட்டை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்!