எழுத்தறியாதாரும் மறதிநோயும்

கப்பல்துறையில் பள்ளி வாசலை மிதியாத மூதாட்டி ஒருவரிடம், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் ஒரு வாக்கியம் எழுதவும் சொன்னால் திகைத்துவிடுவார். மறதிநோயின் அறிகுறி காண 1975 முதல் வழங்கிவரும் முப்பது புள்ளி வினாத்தாள் இவற்றைத்தான் கேட்கிறது. எழுத்தறியாமை அங்கே நோயாகத் தோன்றும். கற்றவரின் தொடக்க நோயோ மறைந்துவிடும்.

ராகமையில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, முதியோரில் நூற்றுக்கு நால்வரளவில் இந்நோயைக் கண்டது. அவ்வாண்டே 10/66 ஆய்வுக் குழு, இந்தியா, சீனம், இலத்தீன் அமெரிக்கா ஆகிய இடங்களில் சோதித்து, கல்விக் குறைவால் பிழைபடாத முறையொன்றை வெளியிட்டது. அம்முறை வீட்டாரையும் வினவுகிறது. உலை வைத்ததை மறக்கிறாரா? பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா? முன்பு இல்லாத தடுமாற்றமா? நேயர்களும் இவற்றைக் கவனிக்கலாம். ஐயம் எழுந்தால் மருத்துவரே நோயை உறுதி செய்ய வேண்டும். வினவுமுன் காது கேட்கிறதா என்று பார்ப்பதும் நலம். செவி மந்தமானவரும் மறுமொழி கூறமாட்டார்.