என்ஜின் ஆயிலும் நம்ம கடன் தவணையும்

(கடப்பாக்கம் மகளிர் குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில் கட்டுமரம் குறைந்து, டீசல் என்ஜின் வைத்த பைபர் படகு பெருகிவிட்டது. அந்த என்ஜினுக்காகக் குழுவில் கடன் வாங்கியவங்க நிறைய பேர். என்ஜின் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

"ஆயில் குறைஞ்சா ஊத்திக்கிறோமே" என்று வீட்டில் சொல்வாங்க. ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. ஓட ஓட ஆயிலில் கரியும் இரும்புத்தூளும் சேரும். அதன் சத்துப் போயிடும். அப்புறம் பிஸ்டன் ரிங், பேரிங் தேயும். புகை கக்கும், டீசல் அதிகம் குடிக்கும். கடைசியில் நடுக்கடலில் என்ஜின் ஜாம் ஆகும். அப்போது போவது பணம் மட்டுமா? படகில் இருப்பது நம்ம வீட்டு ஆள்.

எத்தனை மணி நேரம் ஓடினால் மாற்றணும் என்று என்ஜினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஓடிய நேரத்தைக் காலண்டரில் குறியுங்க. ஆயில் செலவுக்கு வாராவாரம் கொஞ்சம் எடுத்து வையுங்க. பழைய ஆயிலைக் கழிமுகத்தில் கொட்டாதீங்க. இறால் குஞ்சு வளரும் இடம் அது. கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுங்க.

மாதக் கூட்டத்தில் "தவணை கட்டியாச்சா?" என்று கேட்கிறோம். இனிமேல் "ஆயில் மாத்தியாச்சா?" என்றும் கேட்போம்.