அமுக்கத்தில் பிறக்கும் அனல்

மரக்காணம் உப்பளங்களின் பக்கம் சென்றவர்கள், உவர்நீர் இறைக்கும் டீஸல் எஞ்சினின் ஓசையைக் கேட்டிருக்கலாம். மோட்டார் சைக்கிளில் தீப்பொறி உண்டாக்கும் ஸ்பார்க் பிளக் அதில் இராது. பொறியின்றி எண்ணெய் எவ்வாறு பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். காற்றை விரைந்து அமுக்கினால், நாம் செய்யும் வேலை அதனுள் உஷ்ணமாக மாறுகிறது. சிலிண்டரில் பிஸ்டன் கீழே நிற்கும்போது காற்றுக்குள்ள இடத்தை, அது மேலேறியபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதே அமுக்க விகிதம். பெட்ரோல் எஞ்சினில் இது ஏறத்தாழ 10; டீஸல் எஞ்சினில் பெரும்பாலும் 15 முதல் 20 வரை. பதினாறில் ஒரு பங்காக அமுங்கிய காற்று 500 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் காய்கிறது. அதில் தூவப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீஸல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இதனை மெய்ப்பித்துக் காட்டினார். அவருடைய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கியது.

அமுக்கம் மிகுந்தால் பயன் மிகுவது ஏன்? நன்கு அமுங்கிய வாயு, எரிந்தபின் அதிகமாக விரிகிறது. விரியும்தோறும் பிஸ்டனைத் தள்ளித் தானும் குளிர்கிறது. ஆகவே புகைக்குழாய் வழியே வீணாகும் உஷ்ணம் குறைகிறது. குறையற்ற பெட்ரோல் எஞ்சினைக் கற்பனை செய்து கணக்கிட்டால், விகிதம் 4 ஆயின் திறன் சுமார் 43 சதவீதம். 8 ஆயின் 56. 16 ஆயின் 67. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஆதாயம் சுருங்குவதைக் கவனியுங்கள். மெய்யான எஞ்சினிலோ உராய்வும் வெப்ப இழப்பும் இன்னும் குறைத்துவிடும். அன்றியும், பெட்ரோல் எஞ்சினில் விகிதத்தை அளவுமீறி உயர்த்தினால், சுடர் வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துத் தட்டும். நாளடைவில் பிஸ்டனே சிதையக்கூடும்.

இந்த விகிதம் உப்பளத் தொழிலாளியின் கூலியையும் தொடுகிறது. மழைக்காலத்தில் உப்பு விளைவதில்லை. எஞ்சின் உவர்க்காற்றில் சும்மா கிடக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் துருவாலோ தேய்மானத்தாலோ பழுதுபட்டால், அமுங்கும் காற்று இடுக்கு வழியே கசிகிறது. கசிந்த காற்று போதிய அளவு காய்வதில்லை. எஞ்சின் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் புகை கக்கி எண்ணெயை விழுங்கும். வெயில் காயும் நாளில் பாத்திக்கு நீர் ஏறாவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

ஆதலின், அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலை இறக்கிய பின்னும் கைப்பிடி தடையின்றி எளிதாகச் சுழலுமாயின், மகிழ வேண்டா. முதலில் வளையங்களைப் பாருங்கள். கையை எதிர்த்துத் தள்ளும் அந்த அழுத்தமே எஞ்சினின் உயிர்.