கார்ப்பரேஷன் கம்பெனியான கதை
(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



மில் வாசலில் தொங்கும் பலகையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் "லிமிடெட்" என்று ஒரு வார்த்தை இருக்கும். மில் நொடித்துப்போனால், கடன்காரனுக்கும் நமக்கும் சேரவேண்டியதைக் கம்பெனியின் சொத்திலிருந்துதான் வாங்க முடியும். பங்குக்காரர் தம் பங்குப் பணத்தைக் கட்டிவிட்டால் அத்தோடு சரி. அவருடைய பங்களாவையும் காரையும் தொட முடியாது. விவசாயக் கூலிக்கு இந்த "லிமிடெட்" உண்டா? கடன் கட்டாவிட்டால் வீட்டு ஆடும் அண்டாவும் போய்விடும்.

சர்க்கார் கார்ப்பரேஷன் என்பது வேறு. அதற்கென்றே பார்லிமெண்ட் தனிச் சட்டம் போடுகிறது. 1953-ல் அப்படித்தான் நடந்தது. டாட்டா 1932-ல் தொடங்கிய விமானக் கம்பெனியையும் மற்றத் தனியார் விமானக் கம்பெனிகளையும் நஷ்டஈடு கொடுத்து சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற இரு கார்ப்பரேஷன்கள் பிறந்தன.

"ஆகாய விமானத்தில் நாம் ஏறினோமா? நமக்கென்ன?" என்று கேட்கலாம். அதில் வேலை செய்தவர்களும் கூலிக்கு உழைத்தவர்கள்தானே! 1975-ல் சுப்ரீம் கோர்ட், எல்.ஐ.சி. போன்ற கார்ப்பரேஷன்கள் அரசின் அங்கமே என்றது. அவற்றின் வேலை விதிகளுக்குச் சட்டத்தின் பலம் உண்டு, விதியை மீறி ஒருவரை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் பிரசவத்துக்குக் கருவுற்றாலே வேலை போய்விடும் என்றொரு விதி இருந்தது. 1981-ல் கோர்ட் அதை ரத்துச் செய்தது. (வேலையில் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. கோர்ட்டும் முழு நியாயம் வழங்கிவிடவில்லை.)

1994-ல் நரசிம்மராவ் சர்க்கார் 1953-ம் வருஷச் சட்டத்தையே ரத்துச் செய்தது. இரண்டு கார்ப்பரேஷன்களும் லிமிடெட் கம்பெனிகளாயின. வேலையும் சம்பளமும் முன்போலவே தொடரும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பங்கெல்லாம் சர்க்காரிடமே இருந்தது. பலகையில் ஒரு வார்த்தைதானே மாறியது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் பங்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதை விற்கலாம். விற்பதற்குப் பார்லிமெண்டில் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தவர்கள் ஒரு கட்சி, அதன் வழியே மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் மற்றொரு கட்சி.

2007-ல் இரண்டையும் இணைத்தார்கள். 2022 ஜனவரியில் கம்பெனி டாட்டாவிடமே போய்ச் சேர்ந்தது. விலை 18,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் சர்க்காருக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. மீதி 15,300 கோடி, கம்பெனியின் கடனில் வாங்கியவர் ஏற்ற பங்கு. மொத்தக் கடனோ 61,562 கோடி! பாக்கி 46,262 கோடி சர்க்காரின் வேறொரு கம்பெனி தலையில் ஏற்றப்பட்டது. அதாவது உங்கள் தலையிலும் என் தலையிலும். வாங்கியவரின் பொறுப்புக்கு எல்லை உண்டு. நம் பொறுப்புக்கு அது கிடையாது.

ஊழியர் நிலை என்ன ஆயிற்று? சம்பளம், பிரமோஷன் பற்றி விற்பனைக்குப் பல வருஷம் முன்பே சிலர் ரிட் வழக்குப் போட்டிருந்தார்கள். கம்பெனி சர்க்கார் கையில் இருந்தவரை அந்த வழி திறந்திருந்தது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் கம்பெனி கைமாறிவிட்டது. இப்போது இது அரசின் அங்கமல்ல, ரிட் செல்லாது, வேறு மன்றத்துக்குப் போங்கள் என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் தவறு செய்யவில்லை. எதிரே நின்ற ஆள் மாறிவிட்டான்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. நம் ஊர் பஸ்ஸில் "போக்குவரத்துக் கழகம்" என்றுதான் எழுதியிருக்கிறது. சட்டப்படி அது லிமிடெட் கம்பெனி.

எல்.ஐ.சி. இன்னும் 1956-ம் வருஷச் சட்டப்படி கார்ப்பரேஷனாகவே இருக்கிறது. ஆனால் 2021-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்கைச் சந்தையில் விற்றார்கள். நாளை இன்னொரு திருத்தம் வருமானால், ஊழியருக்கு வேலை உத்தரவாதம் தரும் ஷரத்தோடு படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பங்கு யார் பெயரில் எழுதப்படுகிறது, அதை விற்கப் பார்லிமெண்டின் அனுமதி வேண்டுமா என்ற இரண்டையும் முதலில் தேடிப் பாருங்கள்.